சூரியனோடு பேரம் பேசும் பனிமலை

மாலை ஐந்து மணிவாக்கில் லிஃப்ட்டுகள் நிற்கும். வெயிலில் சிவந்த கன்னங்களோடு கூட்டம் பிராதோயானோ சதுக்கத்துக்கு இறங்கிவந்து, பூட்ஸ் கொக்கிகளைத் தளர்த்திவிட்டு, சூடான சாக்லேட்டுக்கு இடம் பிடிக்கும். அந்த நேரத்தில் நீங்கள் மேலே பாருங்கள்! மலையின் இரண்டாவது ஷிஃப்ட் அப்போதுதான் ஆரம்பிக்கிறது. இருட்டிக்கொண்டு வரும் சரிவில் விளக்குகள் ஒவ்வொன்றாக முளைக்கும். அகலமான பட்டைச் சக்கரங்களில் பனிவண்டிகள் உறுமிக்கொண்டு ஏறும். நாளைக் காலை உங்கள் காலுக்கடியில் வழுக்கப்போகும் அந்தப் பட்டுத்தடம் இன்றிரவுதான் தயாராகிறது.

இடம் ஸ்பெயினின் சியரா நெவாடா. அண்டலூசியாவில், கிரனாடா நகரத்திலிருந்து 32 கிலோமீட்டர் மலைப்பாதை. ஐரோப்பியப் பெருநிலத்தின் தென்கோடியில் இருக்கும் பனிச்சறுக்குத் தளம் இதுதான். ஸ்பெயினில் மிக உயரத்தில் இருப்பதும் இதுதான். பிராதோயானோ என்கிற அடிவாரக் குடியிருப்பே 2100 மீட்டரில் இருக்கிறது. கடைசி லிஃப்ட் உங்களை இறக்கிவிடும் இடம் சுமார் 3300 மீட்டர். அதற்கும் மேலே 3396 மீட்டர் வெலேட்டா சிகரம். கிழக்கே தள்ளி 3479 மீட்டர் முலாசென், ஐபீரியத் தீபகற்பத்திலேயே உயரமானது. வானம் தெளிந்த நாளில் மேலிருந்து மத்தியதரைக் கடல் தெரியும். அதற்கு அந்தப்பக்கம் மொராக்கோவின் ரிஃப் மலைகளும் நீலமாகத் தெரியும். ஐரோப்பாவில், காலில் ஸ்கீ பலகையோடு நின்றபடி ஆப்பிரிக்காவைப் பார்க்கலாம். இதை எழுதும்போதே எனக்குக் கை பரபரக்கிறது!

கடலுக்கு இத்தனை பக்கத்தில், இத்தனை வெயிலில், பனி எப்படி நிற்கிறது? உயரம் ஒரு காரணம். தடங்களில் பெரும்பாலானவை வடக்கும் வடமேற்கும் பார்த்துக் கிடப்பது இன்னொரு காரணம். மூன்றாவது, அந்த இரவு ஷிஃப்ட். பகலில் சூரியன் எடுத்துக்கொண்டு போவதை அந்த ஷிஃப்ட்காரர்கள் இரவில் மீட்டு வைக்கிறார்கள். இந்த மலைக்கு விடுமுறை திட்டமிடுகிறவர் இந்தக் கொடுக்கல் வாங்கலைப் புரிந்துகொண்டால் போதும். எந்த மாதம் போவது, காலையில் எத்தனை மணிக்குக் கிளம்புவது, எந்தக் கண்ணாடி மாட்டுவது, எப்போது சாப்பிட உட்காருவது என்று எல்லாமே அதிலிருந்து தானாக விளங்கும்.

முதலில் பனி பீரங்கிகளைப் பார்த்துவிடுவோம். தண்ணீரையும் அழுத்தக் காற்றையும் கலந்து நுண்துளிகளாகப் பீய்ச்சுகிற கருவிகள் இவை. துளி தரையில் விழுவதற்குள் உறைந்துவிட வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. இதற்குக் கடுங்குளிர் வேண்டும் என்றுதான் யாரும் நினைப்போம். ஆனால் காற்று எவ்வளவு உலர்ந்திருக்கிறது என்பதும் அதே அளவு முக்கியம். மண்பானையில் தண்ணீர் குளிர்கிற அதே வித்தைதான் இங்கேயும்: துளியின் மேற்பரப்பு ஆவியாகும்போது மிச்சத் துளியின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. அதனால் காற்று நன்றாக உலர்ந்த இரவுகளில், வெப்பமானி பூஜ்யத்துக்குச் சற்று மேலே நின்றாலும் பனி செய்ய முடியும். ஈரக்காற்று வீசும் இரவில் பூஜ்யத்துக்குக் கீழே போனாலும் சில சமயம் பலிக்காது. ஆகவே பீரங்கிக்காரர்கள் வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். வாய்ப்பான சில மணி நேரம் கிடைத்தால் போதும், மலை முழுக்க வெண்புகை எழும்பிவிடும்!

அடுத்து தடம் சீராக்கும் வண்டிகள். பகலெல்லாம் ஆயிரக்கணக்கான பலகைகள் பனியைச் சீவிச் சீவிக் கீழே தள்ளியிருக்கும். முன்பக்கத் தட்டால் அதை மேலே தள்ளி, பின்பக்க உருளையால் அரைத்து, சீப்பு வைத்து வாரியதுபோல் கோடு கோடாக விட்டுச் செல்லும் இந்த வண்டி. செங்குத்தான சரிவுகளில் வண்டி தன் பலத்தில் ஏறாது. மேலே நங்கூரமிட்ட எஃகுக் கயிற்றைப் பிடித்து ஏறும். கயிற்றின் நீளம் சுமார் ஆயிரம் மீட்டர். அந்தக் கயிறு இருட்டில் கண்ணுக்குத் தெரியாது. ஒரு நொடி தொய்ந்து கிடந்து மறுநொடி விறைத்து எழும். மூடிய தடத்தில் இரவில் காலடி வைக்கவே கூடாது என்று சொல்வது இதனால்தான். இரவில் சறுக்க ஆசையா? சில இரவுகளில் எல் ரியோ தடத்தை விளக்குப் போட்டுத் திறந்துவிடுகிறார்கள். அதற்குப் பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள்.

இரவு ஷிஃப்ட் இந்த மலைக்குப் புதிதல்ல என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த சேதி. குளிர்சாதனப் பெட்டி வருவதற்குமுன் கிரனாடா மக்கள் கோடையில் பனிக்கட்டிக்கு இந்தச் சிகரங்களைத்தான் நம்பியிருந்தார்கள். நெவேரோக்கள் என்ற பனிச்சுமைக்காரர்கள் கோவேறு கழுதைகளோடு மேலே ஏறி, நிழல் மடிப்புகளில் தேங்கிக் கிடந்த பனியை வெட்டிக் கட்டி, இரவோடிரவாக இறங்குவார்கள். சூரியன் எழுவதற்குள் நகரத்தை எட்டவேண்டும். தாமதித்தால் சரக்கு வழியிலேயே ஒழுகிப் போகும். நூற்றாண்டுகள் நடந்த இந்தத் தொழில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஓய்ந்தது. அவர்கள் நடந்த பாதை இன்றும் நெவேரோக்களின் பாதை என்றே அழைக்கப்படுகிறது. அதன்பிறகு 1925இல் கிரனாடாவிலிருந்து மலையை நோக்கி ஒரு டிராம் ஓடத் தொடங்கி, நகரத்தார் வார இறுதியில் மலைக்குப் போகும் பழக்கத்தை உண்டாக்கியது. கனாலெஸ் அணைக்கட்டு வரவே, 1974இல் அது நின்றுபோனது.

சூரியன் ஒருமுறை இந்த மலையை நன்றாகச் சோதித்தது. 1995இல் உலக ஆல்ப்பைன் பனிச்சறுக்குச் சாம்பியன்ஷிப் இங்கே நடப்பதாக இருந்தது. உலகமே பார்க்கத் தயாராக இருந்த அந்த ஆண்டு பனி பொய்த்தது. போட்டிகளை ஓராண்டு தள்ளிவைத்தார்கள். 1996 பிப்ரவரியில் பனி வந்தது, இத்தாலியின் ஆல்பெர்த்தோ தோம்பாவும் வந்தார். ஸ்லாலம், ஜயன்ட் ஸ்லாலம் இரண்டிலும் தங்கம் வாங்கிக்கொண்டு போனார்! பிறகு 2015இல் உலகப் பல்கலைக்கழகக் குளிர்கால விளையாட்டுகளும், 2017இல் ஃப்ரீஸ்டைல், ஸ்னோபோர்டு உலகச் சாம்பியன்ஷிப்பும் இங்கே நடந்தன. கிரனாடாவில் பிறந்த மரியா ஹோசே ரியெந்தா உலகக் கோப்பை ஜயன்ட் ஸ்லாலம் பந்தயங்களில் ஆறு வென்றிருக்கிறார். ஆரஞ்சுத் தோட்டங்களின் நாட்டிலிருந்து ஒரு பனிச்சறுக்கு வீராங்கனை!

சரி, எப்போது போவது? வழக்கமாக நவம்பர் கடைசியில் திறந்து ஏப்ரல் கடைசி வரையோ, பனி வாய்த்த ஆண்டுகளில் மே தொடக்கம் வரையோ தளம் ஓடும். டிசம்பர் 6ம் 8ம் ஸ்பெயினில் பொதுவிடுமுறை. அந்த வாரம் கூட்டம் அள்ளும். கிறிஸ்துமஸ் முதல் ஜனவரி 6 மூன்றரசர் திருநாள் வரை, பிப்ரவரி 28 அண்டலூசியா தினத்தை ஒட்டிய நாட்கள், ஈஸ்டருக்கு முந்திய புனித வாரம், இவையும் அப்படியே. இந்த நாட்களை விட்டுவிட்டு ஜனவரி நடுவில் வாரநாட்களில் போனால் இறுகிய குளிர்ந்த பனி கிடைக்கும், லிஃப்ட் வரிசையும் குறைவாக இருக்கும். ஆனால் என்னைக் கேட்டால், மார்ச்! பகல் நீண்டுவிடும், மொட்டைமாடியில் சட்டைக்கையை மடித்துவிட்டுச் சாப்பிடலாம், பனியும் ஆழமாகச் சேர்ந்திருக்கும். முதன்முறை சறுக்குகிறவருக்கு மார்ச்சைப்போல் அன்பான மாதம் இல்லை. விழுந்தால்கூட மெத்தென்று வாங்கிக்கொள்ளும்.

மார்ச்சுக்கு ஒரே நிபந்தனை, கடிகாரம். தெளிந்த இரவில் மலை தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடும். விடியும்போது பனி கண்ணாடியாய் இறுகிக் கிடக்கும். வெயில் ஏற ஏற மேல் அடுக்கு மட்டும் குறுணைக் குறுணையாக இளகும். இளகிய அந்தச் சில சென்டிமீட்டருக்காகத்தான் வசந்தகாலப் பனிப் பிரியர்கள் உலகம் சுற்றுகிறார்கள். நடுப்பகல் தாண்டினால் தாழ்வான தடங்கள் கூழாகிவிடும், முழங்கால் வலிக்கத் தொடங்கும். ஆகையால் காலையில் இரவு வண்டிகள் வாரிவிட்ட தடங்களில் வேகம். பத்தரை, பதினொன்றுக்கு வெயில் தொட்ட சரிவுகள். பிறகு குளிர் தங்கியிருக்கும் வெலேட்டாவின் உச்சிப்பகுதி. மூன்று மணிக்குமேல் கேபிள் காரிலேயே இறங்கிவிடுவது. ஸ்பானியர்கள் மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு மணிக்கு மேல்தான் உட்காருவார்கள். நீங்கள் பன்னிரண்டரைக்கே சாப்பிட்டுவிட்டால் அவர்கள் சாப்பிடும் நேரத்தில் லிஃப்ட்டுகள் உங்களுக்குக் காலியாகக் கிடைக்கும். இந்த ஒரு யோசனைக்காகவே இந்தக் கட்டுரையை வெட்டி வைத்துக்கொள்ளலாம்!

புதியவர்களின் அரங்கம் பொர்ரெகீலெஸ், சுமார் 2650 மீட்டரில் அகண்ட ஒரு பனிக்கிண்ணம். சதுக்கத்திலிருந்தே கேபிள் கார் உங்களை அங்கே ஏற்றிவிடும், அதிலேயே இறங்கவும் செய்யலாம். நகரும் பட்டையில் நின்றபடி மேலே போவது, பலகைகளின் முனைகளை ஆப்புபோல் ஒட்டவைத்து வேகம் குறைப்பது, எழுந்து நிற்பது என்று முதல் நாள் போகும். குழு வகுப்புக்கு முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். ஆங்கிலத்தில் சொல்லித்தரும் ஆசிரியர் வேண்டுமென்றும் அப்போதே சொல்லிவிடுங்கள். தடங்கள் பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு என்று கடினம் ஏறிக்கொண்டே போகும். எந்த நிறமானாலும் ஒரு விதி மாறாது: உங்களுக்குக் கீழே, முன்னால் போகிறவருக்குத்தான் முன்னுரிமை. மேலிருந்து வருகிறவர்தான் விலகவேண்டும்.

வாடகைக் கடையின் பின்னறை எனக்கு ஒரு மாயக்கூடம்! மெழுகு வாசனை, இஸ்திரிப்பெட்டிபோன்ற கருவியால் பலகையின் அடியில் மெழுகு தேய்க்கும் ஆட்கள், சுவர் முழுக்க உலரும் பூட்ஸ் வரிசை. உங்கள் எடை, உயரம், வயது, சறுக்கும் திறமை எல்லாவற்றையும் கேட்பார்கள். கூச்சப்பட்டுக் குறைத்தோ கூட்டியோ சொல்லவேண்டாம். விழும்போது பலகை காலைவிட்டுக் கழன்றுகொள்ள எவ்வளவு விசை வேண்டும் என்பதை அந்த எண்களை வைத்துத்தான் திருகி வைக்கிறார்கள். உங்கள் முழங்கால் அந்தத் திருகை நம்பித்தான் இருக்கிறது. பூட்ஸுக்கு அவசரமே படாதீர்கள். நேராக நிற்கும்போது விரல்நுனி முன்சுவரை லேசாகத் தொடவேண்டும். முழங்காலை முன்னால் மடக்கினால் விலகவேண்டும். உள்ளே ஒரே ஒரு மெல்லிய காலுறை. குளிருக்குப் பயந்து இரண்டு போட்டால் ரத்தஓட்டம் தடைப்பட்டுக் கால் இன்னும் சில்லிட்டுப் போகும். தலைக்கவசத்தை மறக்கக் கூடாது என்று தனியாகச் சொல்லவேண்டியதில்லை.

வெயிலுக்கு வருவோம். உயரம் ஆயிரம் மீட்டர் ஏறும்போதெல்லாம் புற ஊதாக் கதிர்வீச்சு பத்து சதவீதத்துக்குச் சற்று மேல் கூடும். புதுப்பனியோ விழும் கதிரில் 80 சதவீதம் வரை மேலே திருப்பி அடிக்கும். அதாவது வெயில் தலைக்குமேலிருந்தும் வரும், காலடியிலிருந்தும் வரும்! தாடைக்கு அடியில், மூக்குத் துவாரத்தின் ஓரத்தில், காதுமடலின் பின்னால் எல்லாம் சன்ஸ்கிரீன் தடவுங்கள். மாநிறத் தோலுக்கு இது தேவையில்லை என்பாரை நம்பவேண்டாம். காக்கும் கண்ணாடியில் எஸ்3 தரம் வெயில் நாளுக்கு. ஆனால் கைப்பையில் எஸ்1 தர வெளிர்நிறக் கண்ணாடியும் இருக்கட்டும். இந்தத் தளம் முழுவதும் மரம் வளரும் உயரத்தைத் தாண்டியது. மேகம் இறங்கினால் மேடுபள்ளம் காட்ட ஒரு மரம்கூட இருக்காது, வானமும் தரையும் ஒரே வெள்ளையாகிவிடும். ஊரே 2100 மீட்டரில் இருப்பதால் முதல் இரவு லேசாகத் தலை வலிக்கலாம். தண்ணீர் நிறையக் குடித்துவிட்டுச் சீக்கிரம் படுங்கள்.

சில நாட்களில் இந்தப் பனியின் நிறமே மாறும். 2022 மார்ச்சில் செலியா புயல் சஹாராவின் தூசியைக் கொண்டுவந்து கொட்டியதில் சியரா நெவாடா செம்மண் நிறத்தில் கிடந்தது. படம்பிடிக்க அழகுதான், ஆனால் தூசி படிந்த பனி வெயிலை அதிகமாக உறிஞ்சி வேகமாக உருகும். இந்தப் பனி கிரனாடாவுக்கு விளையாட்டுப் பொருள் மட்டுமல்ல. ஹெனில் ஆறும், மலையின் தென்சரிவு கிராமங்களுக்கு நீர் கொண்டுசெல்லும் அரபுக் காலத்து வாய்க்கால்களும் இதை நம்பித்தான் ஓடுகின்றன. 1999இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட மலை இது. உலகில் வேறெங்கும் வளராத செடிகள் பல இந்தப் பனிக்கடியில் கோடைக்காகக் காத்திருக்கின்றன. கயிறு கட்டித் தடுத்த பகுதிக்குள் பலகையை விடாமல் இருப்பது நாம் செய்யக்கூடிய சிறு மரியாதை.

இனி, என் ரகசியச் செல்லம்! லோமா தே தீலார் பக்கம் சறுக்கும்போது 2850 மீட்டரில் ஒரு பிரம்மாண்ட வெள்ளைக் கிண்ணம் கண்ணில் படும். ஐராம் நிறுவனத்தின் 30 மீட்டர் ரேடியோ தொலைநோக்கி. 2019 ஏப்ரலில் உலகம் பார்த்த முதல் கருந்துளைப் படம் நினைவிருக்கிறதா? அதற்காக ஒன்றுசேர்ந்த தொலைநோக்கிகளில் இதுவும் ஒன்று. உயரமும் உலர்ந்த காற்றும்தான் இதற்கு இந்த மலையைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தன. பனி பீரங்கிக்கு உதவும் அதே உலர்காற்றுதான் வானத்தைக் கேட்கவும் உதவுகிறது! பல கோடி ஒளியாண்டு தூரத்துச் சேதியை வாங்கிக்கொண்டு அது நிற்க, கீழே குழந்தைகள் வரிசையாக ஆப்புப் போட்டு வழுக்கிப் போகும்.

இந்த மலையின் குறும்பு காற்று. வெலேட்டா பக்கம் காற்று வலுத்தால் மேல் லிஃப்ட்டுகளை நிறுத்திவிடுவார்கள், சில நாட்களில் தளம் முழுவதையும். அதனால் பயணத்தில் ஒரு நாளையாவது இறுக்கமில்லாமல் விட்டுவையுங்கள். ஆல்ப்ஸில் லிஃப்ட் நின்றால் அறையில் சீட்டாடவேண்டும். இங்கே முக்கால் மணி நேரத்தில் கிரனாடா! அல்பைசின் என்ற பழைய குடியிருப்பின் சந்துகளில் ஏறி, பின்னணியில் பனிச்சிகரங்களோடு அல்ஹம்ப்ரா கோட்டையைப் பார்க்கலாம். இங்குள்ள கடைகள் பலவற்றில் பானம் ஒன்று சொன்னால் ஒரு தட்டுத் தின்பண்டம் இலவசமாக வரும். மரக்கறிக்காரர்கள் கரும்புப்பாகு ஊற்றிய கத்தரிக்காய் வறுவலைக் கேட்டு வாங்குங்கள். அசைவக்காரர்களுக்கு மலையின் தென்சரிவில் த்ரெவேலெஸ் கிராமத்துக் குளிர்காற்றில் பதமான பன்றித்தொடை.

இன்னும் தெற்கே போக ஆசையா? போங்கள்! மோத்ரில், அல்முன்யேகர் கடற்கரையில் மாம்பழம், அவகாடோ, நம் சீத்தாப்பழத்தின் உறவுக்காரியான சிரிமோயா எல்லாம் விளைகின்றன. வடக்கிலிருந்து வரும் குளிர்காற்றை இந்த மலைத்தொடர் தடுத்து நிறுத்துவதால் கடலோரத்துக்கு அந்தச் செல்லத் தட்பவெப்பம். பனியும் மாமரமும் ஒரே நாளில், ஒரே மலையின் தயவில்.

தங்குவது எங்கே என்ற கேள்விக்கு என் தீர்ப்பு இது. குழந்தைகளோடு போனாலோ, காலை முதல் லிஃப்ட்டைப் பிடிக்க வெறி இருந்தாலோ பிராதோயானோ. செலவு கூடும், கால் நோகாது. கையைக் கடிக்காமல் இருக்கவேண்டும், சறுக்காதவர்களும் கூட வருகிறார்கள் என்றால் கிரனாடா; அங்கிருந்து காலையில் பேருந்து உண்டு. சொந்தமாகக் கார் எடுத்தால் சக்கரச் சங்கிலி கட்டாயம் இருக்கட்டும். பெரிய விமான நிலையம் மாலகா. மாட்ரிட்டிலிருந்து கிரனாடாவுக்கு 2019 முதல் அதிவேக ரயிலும் ஓடுகிறது. இந்தியாவிலிருந்து போகிறவர்கள் ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், கடைசி கெடு 15 நாள் முன்பு. அந்த விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு வேண்டும். வாங்கும்போதே அது பனிச்சறுக்கு விபத்தையும், மலையிலிருந்து மீட்டுக் கொண்டுவரும் செலவையும் ஏற்கிறதா என்று ஒப்பந்தத்தில் தேடிப் படியுங்கள். பல சாதாரணப் பயணக் காப்பீடுகள் ஏற்பதில்லை.

பயண நாள் முடிவானதும் முதல் வேலையாக அறையும் வகுப்பும். அடுத்த வேலை அல்ஹம்ப்ரா டிக்கெட். அதற்குள் இருக்கும் நஸ்ரிய அரண்மனைகளுக்குள் நுழைய நேரம் குறித்துத்தான் கொடுப்பார்கள், கூட்ட நாட்களில் சீக்கிரம் தீர்ந்துவிடும். பயணத்தின் கடைசி நாளுக்கு வாங்குங்கள், மாலை நேரமாக. காற்றில் லிஃப்ட் நின்றாலும் அது கையில் இருக்கும். நிற்காவிட்டால் காலையில் சறுக்கிவிட்டு, பன்னிரண்டரைக்குச் சாப்பிட்டு, பலகையைக் கடையில் ஒப்படைத்து, பேருந்தில் இறங்கினாலும் அரண்மனை வாசலுக்கு நேரத்தோடு போய்ச் சேரலாம்!